மஞ்சள் ஜெர்சியும் போலி வெர்மீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்ற ஏழு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயங்களையும் ஒரு நாள் விடாமல் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை 2013 ஜனவரியில் அவரே ஓப்ரா வின்ஃப்ரேயிடம் ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பழைய பதிவுகளைப் பார்க்க மனம் வரவில்லை. கொலை செய்த ஓவியரின் படங்களையும் உலகம் ரசிக்கத்தானே செய்கிறது, அதுபோல இதையும் கலையாக மட்டும் எடுத்துக்கொள் என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரிதானா?

பதில்: உங்கள் நண்பர் கரவாஜ்ஜியோவை மனத்தில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். 1606ஆம் ஆண்டு ரோம் நகரில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிப்போனவர் அவர். ஆனால் அந்தக் குற்றம் அவருடைய படங்களுக்கு வெளியே நடந்தது. இருட்டுக்குள் சாய்வாக விழும் அந்த வெளிச்சத்தை அவர் யாரிடமிருந்தும் திருடவில்லை. ஊக்கமருந்தோ படைப்புக்குள்ளேயே புகுந்துவிடுகிற குற்றம். ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியவர் ஹான் வான் மேகரன் என்ற டச்சு ஓவியர் என்று நினைக்கிறேன்.

அவர் பைபிளில் வரும் எம்மாவுஸ் விருந்துக் காட்சி ஒன்றை வரைந்து, அது பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் கைவண்ணம் என்று நம்பவைத்தார். 1937இல் அக்காலத்தின் பெரிய நிபுணரான அப்ரகாம் பிரெடியஸ் அதைப் பார்த்து மெய்ம்மறந்து சான்று கொடுத்தார். ரோட்டர்டாம் அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1945இல், நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்கு ஒரு வெர்மீர் போகக் காரணமாக இருந்தார் என்று வான் மேகரனைக் கைது செய்தபோதுதான், தேசத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து தப்புவதற்காக, அதையும் எம்மாவுஸ் படத்தையும் வரைந்தது தானே என்று அவர் உண்மையைக் கக்கினார். எம்மாவுஸ் படத்தில் ஒரு கோடுகூட அன்று மாறிவிடவில்லை. ஆனாலும் அதற்கு முந்தைய நாள் மக்கள் பார்த்த படம் அதற்குப் பிறகு அங்கே இல்லை.

2001 ஜூலையில் ஆல்ப் துயேஸ் மலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்றைய முந்தைய ஏற்றங்களில் ஆம்ஸ்ட்ராங் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கால் ஓய்ந்தவர் போலப் பின்வரிசையில் தொங்கிக்கொண்டு வந்தார். கேமரா அதைக் காட்டும், எதிரணி மேலாளர்கள் காருக்குள் இருக்கும் சிறு திரையில் அதைப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய முக்கியப் போட்டியாளரான யான் உல்ரிச்சின் அணி அதை நம்பி, முன்னால் போய்த் தன் பலத்தையெல்லாம் செலவழித்தது. கடைசி மலை தொடங்கியதும் ஆம்ஸ்ட்ராங் முன்னுக்கு வந்து, தோளுக்கு மேலாகத் திரும்பி உல்ரிச்சின் முகத்தை ஓரிரு நொடி பார்த்தார்; பிறகு இருக்கையிலிருந்து எழுந்து மிதித்து மறைந்துபோனார். நாடக மேடையில்கூட அப்படியொரு திருப்பத்தைக் காண்பது அரிது. அந்த நடிப்பு அவருடையதுதான், அதற்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அவர் மலையேறிய வேகம் யாருடையது என்பதற்குத்தான் இன்று பதில் இல்லை. பின்னால் விடப்பட்ட உல்ரிச்சும் தான் ஊக்கத்துக்காக ரத்தமேற்றிக்கொண்டதை 2013இல் ஒப்புக்கொண்டார் என்பதால், அந்தப் பார்வையில் ஏமாந்தவர் யார் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கலை என்று பேச்சு வந்ததால் ஒரு சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றுத் திரும்பிவந்த ஆம்ஸ்ட்ராங், 2009 டூரின் கடைசி நாளன்று பாரிசில் ஓட்டிய சைக்கிளை பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் வடிவமைத்திருந்தார். சட்டத்திலும் சக்கரங்களிலும் உண்மையான வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளை ஒட்டி, மேலே பூச்சு கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் சதபீஸ் நடத்திய ஏலத்தில் அது 5 லட்சம் டாலருக்கு விலைபோனது; பணம் ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்குச் சென்றது. பறக்க வேண்டிய சிறகுகளைச் சட்டத்தில் ஒட்டி ஓடவிட்ட அந்தச் சைக்கிள், அவருடைய விளையாட்டு வாழ்க்கைக்கு எவ்வளவு பொருத்தமான சின்னமாக இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீங்கள் அந்தப் பதிவுகளைப் பார்க்கலாம் என்றே சொல்வேன். ஆனால் வெர்மீர் என்று எண்ணிக்கொண்டு பார்க்க வேண்டாம். டூரின் பட்டியலிலேயே 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

கேள்வி: விளையாட்டுக்குள் அரசியலும் அரசாங்கமும் நுழைந்ததால்தான் சைக்கிள் பந்தயத்தின் மானம் கப்பலேறியது என்று நினைக்கிறேன். விளையாட்டு அமைப்புகளே பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு அசிங்கமாகியிருக்குமா?

பதில்: நடந்தது நேர்மாறானது. முதலில், டூர் டி பிரான்ஸ் பிறந்ததே அரசியல் சண்டையில்தான். டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியின் வழக்கு பிரான்சை இரண்டாகப் பிளந்திருந்தபோது, ‘லெ வேலோ’ என்ற விளையாட்டு நாளேட்டின் ஆசிரியர் பியேர் கிஃபார் டிரைஃபஸின் பக்கம் நின்றார். எதிர்முகாமில் இருந்த கார் முதலாளி டி டியோன் முதலானோர் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, போட்டியாக ஒரு நாளேட்டைத் தொடங்கினார்கள். அந்த ஏட்டின் விற்பனையைத் தூக்கி நிறுத்துவதற்காக 1903இல் தொடங்கப்பட்டதுதான் இந்தப் பந்தயம். அந்த ஏடு மஞ்சள் தாளில் அச்சானது. முன்னணி வீரரின் ஜெர்சி மஞ்சளானதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணமும் அதுவே.

அடுத்து, மருந்தை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஊக்கமருந்துக்கு எதிரான சட்டத்தை 1965இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்தது. மறு ஆண்டு டூரில் முதல் சோதனை நடந்தபோது, வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1967 ஜூலை 13 அன்று, மோன் வான்டூ மலையின் வெயிலில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் சுருண்டு விழுந்து இறந்தார். அவருடைய உடலில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. 1998இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளரைக் காருடன் எல்லையில் பிடித்து, நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகளைக் கைப்பற்றியவர்கள் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள். 2006இல் மாட்ரிட்டில், வீரர்களுக்கு ரத்தமேற்றிவந்த மருத்துவர் ஃபுவென்டெஸின் குளிர்பெட்டிகளிலிருந்து ரத்தப் பைகளை எடுத்தது ஸ்பெயின் காவல்துறை.

சர்வதேச சைக்கிள் சங்கமோ, 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்டிசோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருப்பது தெரிந்தபோது, பின்தேதியிட்ட மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. பிற்காலத்தில் அவரிடமிருந்தே நன்கொடையும் பெற்றுக்கொண்டது. அவருக்கு அந்தச் சங்கம் சலுகை காட்டியது என்பதை 2015இல் சுதந்திர விசாரணைக் குழுவும் சொல்லிவிட்டது. அமெரிக்க அரசும் உத்தமன் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் அஞ்சல் துறைதான் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து அவருடைய அணிக்குத் தன் பெயரைச் சூட்டியிருந்தது. குட்டு வெளிப்பட்ட பிறகு அரசு வழக்குத் தொடுத்து, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

கேள்வி: அவருடைய அறக்கட்டளைக்காக ஒரு டாலர் கொடுத்து வாங்கிய மஞ்சள் கைப்பட்டையைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: அந்த ஒரு டாலர் புற்றுநோயாளிகளுக்காகப் போனது. கையில் அணியப் பிடிக்கவில்லை என்றால் இழுப்பறையில் கிடக்கட்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லோரும்தான் மருந்து எடுத்தார்கள். அப்படியானால் எல்லோருக்கும் சமமான களம்தானே? இதில் ஏமாற்றப்பட்டவர் யார்?

பதில்: முதலில் கணக்கைச் சொல்கிறேன். இ.பி.ஓ. என்ற மருந்து ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. அதைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லாததால், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று 1997இல் வரம்பு வைத்தார்கள். இயல்பிலேயே 48 விழுக்காடு உள்ளவருக்கு மருந்தால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்; 40 உள்ளவருக்கோ கொள்ளை லாபம். ஆகவே எல்லோரும் எடுத்திருந்தாலும் களம் சமமாகியிருக்காது. எல்லோரும் எடுக்கவும் இல்லை.

கிறிஸ்டோஃப் பாசோன்ஸ் எடுக்கவில்லை என்பதை, மாட்டிக்கொண்ட அவருடைய ஃபெஸ்டினா அணித்தோழர்களே சொன்னார்கள். 1999 டூரின்போது அவர் மருந்தைப் பற்றி நாளேட்டில் வெளிப்படையாக எழுதினார். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தவரைப் போலச் சக வீரர்கள் அவருடன் பேச்சை நிறுத்தினார்கள். இந்த விளையாட்டை விட்டே போய்விடுவது நல்லது என்று ஆம்ஸ்ட்ராங் ஓட்டத்தின் நடுவிலேயே அவரிடம் சொன்னார். பந்தயம் முடிவதற்குள் பாசோன்ஸ் வெளியேறிவிட்டார்.

எனக்கு இன்றும் உறுத்துவது 2004 டூர். ஆம்ஸ்ட்ராங்கின் ஆலோசகரான மருத்துவர் ஃபெராரிக்கு எதிராக ஊக்கமருந்து வழக்கில் சாட்சி சொன்னவர் இத்தாலிய வீரர் ஃபிலிப்போ சிமியோனி. பந்தயத்தின் பதினெட்டாம் கட்டத்தில், முன்னே போய்விட்ட ஒரு சிறு குழுவைப் பிடிக்க அவர் தனியே கிளம்பினார். ஒட்டுமொத்தப் பட்டியலில் அவர் எங்கோ பின்னால் இருந்தவர், யாருக்கும் ஆபத்தில்லாதவர். இருந்தும் மஞ்சள் ஜெர்சியுடன் ஆம்ஸ்ட்ராங்கே அவரைத் துரத்திப் போய் ஒட்டிக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங் இங்கே இருக்கும்வரை பின்னால் வரும் கூட்டம் எங்களை விடாது, நீ திரும்பிப் போனால்தான் அவரும் போவார் என்று முன்குழுவினர் கேட்டுக்கொள்ள, சிமியோனி பின்வாங்கினார். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆம்ஸ்ட்ராங் தம் உதடுகளை ஜிப் போட்டு மூடுவதுபோலச் சைகை காட்டினார். வாயாடிக்குச் சரியான பாடம் என்று அன்று நான் சிரித்தேன்.

டூரின் கடைசி நாளில் பாரிஸ் நகருக்குள் நுழையும்வரை யாரும் முந்த முயலாமல் ஊர்வலம் போலச் செல்வது மரபு. அந்த ஆண்டு சிமியோனி மட்டும் அந்த மரபை மீறி, திரும்பத் திரும்பத் தனியே பாய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அஞ்சல் துறை அணியினர் விரட்டிப் போய் அவரைப் பிடித்தார்கள். பண்பில்லாத மனிதர் என்று அவரைப் பற்றி அப்போது பலரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.