வட்டுத் தேயிலையின் வயது

கேள்வி: என் தந்தையின் சீன நண்பர், பூ-அர் எனும் சீனத் தேயிலையை அழுத்திச் செய்த, காகித உறையிட்ட வட்டு ஒன்றை எங்களுக்குத் தந்தார். உறையில் 7572 என்று அச்சிட்டிருப்பதால் அது 1975ஆம் ஆண்டுத் தேயிலை என்கிறார். பாத்திரத்திலிட்டுக் கொதிக்கவைத்தோம், கஷாயம் போலக் கறுத்து, ஈரமண் வாடை வீசியது. கெட்டுவிட்டதா? எப்படிப் போட்டுக் குடிக்க வேண்டும்? — வாசகி, பினாங்கு

பதில்: அந்த எண் தேயிலையின் பிறந்த ஆண்டு அன்று. சீனாவின் யுன்னான் மாகாணத்து வட்டுகளில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அந்த வட்டுக்கான இலைக் கலவையை முதலில் வகுத்த ஆண்டையும், மூன்றாவது இலையின் தரத்தையும், கடைசி இலக்கம் ஆலையையும் குறிக்கும். 2 என்றால் மெங்ஹாய் ஆலை. ஆகவே சென்ற ஆண்டு அழுத்திய வட்டிலும் 7572 என்றே இருக்கும். உறையின் பின்புறத்தில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பு நிறத்தையும் வயதுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. பூ-அரில் பச்சை, பக்குவம் என இரு வகை உண்டு. வெயிலில் உலர்த்திய இலையை ஆவியில் இளக்கி அப்படியே அழுத்துவது பச்சை வகை. அது பல ஆண்டுகள் கிடந்து மெல்லக் கருக்கும். அந்தக் காத்திருப்பைக் குறுக்குவதற்காக 1973இல் குன்மிங் தேயிலை ஆலையில் உருவான முறையில், இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிப் பல வாரங்கள் புழுங்கவிடுகிறார்கள். நுண்ணுயிர்களும் வெப்பமும் சேர்ந்து இலையைக் கருக்கிவிடுகின்றன. 7572 இந்தப் பக்குவ வகையைச் சேர்ந்தது. புத்தம் புதிதாக வாங்கினாலும் அதன் சாறு கறுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் ஈரமண் வாடையும் பெரும்பாலும் அந்தக் குவியலின் வாடையே.

கெட்டதா என்பதை நாக்குக்கு முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். வட்டைப் பிளந்து வெளிச்சத்தில் பார்க்கும்போது உள்ளே பஞ்சு போன்ற வெள்ளை அல்லது பச்சைப் பூசணம் தெரிந்தாலோ, மூக்கைக் குத்தும் நெடி எழுந்தாலோ, விலை பார்க்காமல் எறிந்துவிட வேண்டியதுதான்.

நல்ல நிலையில் இருந்தால், மெல்லிய கத்தியை வட்டின் ஓரத்தில் கிடையாகச் செருகி நெம்பி, இலை ஒடியாமல் அடுக்கடுக்காகப் பிரித்தெடுங்கள். தட்டி நொறுக்கினால் தூளாகிச் சாறு கடுத்துவிடும். மூடியுள்ள 100 மில்லி கிண்ணத்துக்கு 6 அல்லது 7 கிராம் போதும். தளதளவெனக் கொதிக்கும் நீரை ஊற்றி, ஐந்து வினாடியில் அதை வடித்துக் கொட்டிவிடுங்கள். தூசி போவதோடு, இறுகிய இலையும் விரியத் தொடங்கும். அடுத்த ஊற்றைப் பத்து வினாடியில் வடித்துக் குடிக்கலாம். பிறகு ஒவ்வொரு முறையும் சில வினாடிகளைக் கூட்டிக்கொண்டே போனால், அதே இலை எட்டுப் பத்து ஊற்று வரை தாங்கும். இத்தனை ஊற்றுகளில் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய சாற்றை ஒரே கொதியில் இறக்கியதால்தான் உங்களுக்குக் கஷாயம் கிடைத்தது.

சுவையை முதல் ஊற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்றாவது, நான்காவது ஊற்றில் மண்வாடை அடங்கி, பேரீச்சம்பழத்தை நினைவூட்டும் இனிப்பும் பழைய மரப்பெட்டியின் மணமும் மேலெழுந்து, சாறு கலங்கலின்றித் தெளிந்த செம்பழுப்பாக இருந்தால், வட்டு சில ஆண்டுகளேனும் நன்றாகக் கிடந்தது என்று நம்பலாம். மண்வாடை அதற்குப் பிறகும் விடாமல் நின்றால், அண்மையில் செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பால் சேர்ப்பது குற்றமன்று, திபெத்தியர் அழுத்திய தேயிலையில் வெண்ணெயும் உப்பும் கலந்தே குடிக்கிறார்கள். ஆனால் பால் விட்டால் இந்த வேறுபாடுகள் எதுவும் நாக்குக்கு எட்டாது.

மீதியைக் காகித உறையோடு நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டாம். பினாங்கின் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கக்கூடும் என்பதால், சுவரை ஒட்டி வைக்காமல் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சீரகத்தின் வாடையைத் தேயிலை எளிதில் இழுத்துக்கொள்ளும்.