கடகடவென்று வந்த டர்ன்டேபிள்

கேள்வி: 18,000 ரூபாய்க்கு, இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் பழைய டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். லாரி பார்சலில் வந்தது. பெட்டியை அசைத்தால் கடகடவென்கிறது. முள் மாட்டும் கை வளைந்திருக்கிறது. "உடையும் பொருள் என்று சிவப்பு மையில் எழுதித்தானே அனுப்பினேன்" என்கிறார் விற்றவர்.
- வாசகர், திருச்சி

பதில்: சிவப்பு மையை யார் படிக்கிறார்கள்? நள்ளிரவில் லாரியிலிருந்து இறக்குபவருக்கு எல்லாம் பெட்டிதான். இடுப்புயரத்திலிருந்து விழும் என்று நினைத்துத்தான் கட்ட வேண்டும். உங்களுக்கு விற்றவர் சுழலும் தட்டைக் கழற்றவில்லை. கனத்த உலோகத் தட்டு நடுத்தண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பெட்டி கவிழ்ந்ததும் எழும்பிக் கையின் மேல் விழுந்திருக்கிறது. தட்டு தனி, கையின் பின்புற எடை தனி, முள் தனி என்று கழற்றிப் பொதிய வேண்டும். கையை அதன் தாங்கியோடு கட்டிவிட வேண்டும். பிறகு பெட்டிக்குள் பெட்டி, நடுவே நாலாபுறமும் மேலும் கீழும் இரண்டு அங்குலத் தெர்மாகோல். செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழுப்புரம் தாண்டுவதற்குள் தாள் அமுங்கிவிடும். அப்புறம் பொருள் பெட்டிக்குள் உலாவும்.

நானும் காசு கொடுத்துத்தான் இதைக் கற்றேன். ஒரு வால்வு ஆம்ப்ளிபையர். கண்ணாடிக் குழல்களான வால்வுகளைக் கழற்றாமலே அனுப்பியிருந்தார்கள். நான்கில் மூன்று கண்ணாடித் தூளாக வந்து சேர்ந்தன. நான்காவதை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.

கட்டியது சரியில்லை என்று படங்களோடு எழுதி, விற்றவரிடமே பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: 40,000 ரூபாய் ஆம்ப்ளிபையரை லாரி பார்சலில் அனுப்பினேன், நொறுங்கிவிட்டது. ரசீதில் மதிப்பு 2,000 என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் தரமாட்டோம் என்கிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: 2,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, கூடுதல் கட்டணம் கட்டி உயர்ந்த மதிப்பைப் பதியாவிட்டால் அவர்கள் பொறுப்புக்கு வரம்பு உண்டு. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். பார்சலைப் பதிவு செய்த 180 நாளுக்குள் லாரிக்காரர்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அந்த 2,000 ஆவது வரட்டும்.

கேள்வி: ஸ்பீக்கர் கிழிந்து வந்தது. படம் எடுக்கவில்லை, பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். இழப்பீடு கேட்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: கேட்கலாம். கிடைக்காது.

கேள்வி: முன்பணமாக 12,000 ரூபாய் அனுப்பினேன். பெட்டிக்குள் செங்கல். விற்றவரின் எண் அணைந்துவிட்டது. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கூச்சப்பட வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. இதைப் படித்து முடிக்கும் முன்பே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்புண்டு. பணம் அனுப்பிய விவரம், பேசிய செய்திகள், பார்சல் ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். செங்கல்லையும் எறிந்துவிடாதீர்கள்.