மேடைக்குத் தூக்கிப் போக லேசான பேஸ் கிட்டார் ஆம்ப் எது?

டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க வேண்டும், முதுகும் போகக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது அது நடக்கிற காரியம்தான். பழைய ஆம்ப்பில் எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்பார்மரிலும் ஸ்பீக்கரின் ஃபெரைட் காந்தத்திலும் இருந்தது. எடை குறைந்த கிளாஸ் டி வகை ஆம்ப்பும் லேசான நியோடிமியம் காந்தமும் வந்தபின் கதை மாறிவிட்டது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற ஆம்ப் 300 வாட், ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்றைய 500 வாட் ஹெட் கிட்டார் பையின் பக்கப் பையிலேயே அடங்கிவிடும்.

ஆனால் வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் 500 பெரும்பாலும் 4 ஓமுக்கான கணக்கு (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றை மட்டும் மாட்டினால் ஏறக்குறைய பாதிதான் வரும். அதனால் முதலில் 8 ஓமில் 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று உள்ள கேபினெட் வாங்குங்கள், சின்ன இடங்களுக்கு அது போதும். அப்புறம் காசு சேர்ந்ததும் அதே மாதிரி இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் 4 ஓம், முழு வாட்டும் கிடைக்கும், மாடிப்படி ஏறும்போது கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளலாம்.

இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் கூடவே கூடாது. நான் அவசரத்தில் அதை மாட்டி, பாதிப் பாட்டில் ஒயர் சூடாகி மானம் போனது!

பெரிய மேடையில் ஆம்ப்பின் டிஐ அவுட்டிலிருந்து (ஒலியை நேராக வெளியே அனுப்பும் இணைப்பு) அரங்கின் மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள், ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும் கேட்டால் போதும். தனித்தனியாக மாட்டச் சலிப்பு என்றால் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ, சுமார் 16.5 கிலோதான்.