கூட்டுக் கிணற்றில் மணிக்கணக்கை விட்டு மட்டக்கணக்குக்கு வாருங்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் தாத்தா வெட்டிய கிணறு. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைத்தார்கள். இப்போது பேரன்கள் ஏழு பேர், கோடை வந்தால் சண்டைதான். ஒரு தம்பி கிணற்றோரமாகத் தனி போர்வெல் போடப்போகிறேன் என்கிறான். என்ன செய்வது?

பதில்: முதலில் தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் பாறை பூமி. கிணற்றுக்கு ஊற்று வருகிற அதே வெடிப்பில் ஆழமாக போர் இறங்கினால் கிணறு வற்றிப்போகலாம், அப்புறம் மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு போர் போடுவார்கள், கடைசியில் கடன்தான் மிஞ்சும்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு நாளை மணி மணியாகப் பிரித்து இறைக்கிற மணிக்கணக்குதான். இரவெல்லாம் ஊறிய தண்ணீரைக் காலையில் மோட்டார் போடுகிறவர் எடுத்துவிடுகிறார், மாலையில் முறை வருகிறவருக்கு மோட்டார் காற்று வாங்குகிறது, நடுவில் கரண்ட் போனால் அதுவும் அவர் தலையில். கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடு பெயிண்டில் போடுங்கள். 20 அடிக்கு 20 அடி கிணறு என்றால் ஓர் அடி தண்ணீர் ஏறக்குறைய 11,300 லிட்டர். இத்தனை கோடு உனக்கு, இத்தனை எனக்கு என்று பிரியுங்கள், யார் முதலில் இறைப்பது என்பதையும் மாற்றிக்கொண்டே வாருங்கள்.

பங்கு தலைக்கு ஏழா, வீட்டுக்கு மூன்றா? பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால் வீட்டுக்கு மூன்றுதான். அந்த மூன்று நாள் முறையை உடைக்காதீர்கள். ஒரு நாளைத் துண்டு துண்டாக்கினால் வாய்க்கால் நனையவே ஒரு பங்கு போய்விடும், அதனால் ஒரு வீட்டுக்குள் இருப்பவர்கள் சுற்று மாற்றி முழு நாளாக எடுத்துக்கொள்ளட்டும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது, தோட்டக்கலை அலுவலகத்தில் உடனே எழுதி வையுங்கள்.

தை மாதம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் எல்லோரும் கிணற்றடியில் நின்று மட்டத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த வருடம் யாரும் புதிதாகக் கரும்போ வாழையோ வைப்பதில்லை என்று பேசி முடியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கவேண்டும் என்றால் இந்த ஒரு பேச்சைத் தளர்த்தவே கூடாது.

இன்னொன்று, கேள்வியில் பேரன்களை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அக்கா தங்கைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொடுக்காவிட்டால் அது நியாயமே இல்லை. கிணற்றுப் பங்கு, மோட்டார் பாத்தியம், வாய்க்கால் வழி மூன்றையும் அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுதிப் பதிவு செய்யுங்கள்.