திராவிட நாடு கைவிடப்பட்டது எப்போது?

அன்புள்ள ஐயா,

தென்னிந்திய மொழிப் பகுதிகள் சேர்ந்து தனி நாடாக வேண்டும் என்ற திராவிட நாடு கோரிக்கையை 1963இல் தி.மு.க. கைவிட்டதைச் சிலர் துரோகம் என்கிறார்கள்; சிலர் அண்ணாவின் ராஜதந்திரம் என்கிறார்கள். ஒரு சட்டத் திருத்தத்துக்கு அஞ்சி அடிப்படைக் கொள்கையையே ஒரு கட்சி விட்டுவிடுமா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

1963 வரை அந்தக் கொள்கை சிதையாமல் இருந்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. 1952 தேர்தலில் போட்டியிடாத தி.மு.க., 1956 திருச்சி மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தி, இனித் தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்தது. எந்த அரசமைப்பிலிருந்து பிரிய விரும்பியதோ, அதன் சட்டமன்றத்துக்குள்ளேயே கட்சியின் அன்றாட வேலை அமைந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் உருவாகி, சென்னை மாநிலத்திலிருந்த மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின; ஆந்திரம் 1953இலேயே பிரிந்திருந்தது. அதன்பின் திராவிட நாடு கேட்பதற்குத் தமிழகத்துக்கு வெளியே வலுவான குரல் எதுவும் இல்லை. கட்சியின் முன்னணித் தலைவர் ஈ.வெ.கி. சம்பத் 1961இல் வெளியேறியபோது எழுப்பிய விமர்சனமும் இதையே தொட்டது.

ஆனாலும் முழக்கம் தணியவில்லை. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா சுயநிர்ணய உரிமை கோரிப் பேசினார். அவ்வாண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அவரே தோற்றிருந்தாலும், கட்சிக்கு 50 இடங்கள் கிடைத்திருந்தன. அந்த வாக்குகளில் பெரும்பாலானவை பிரிவினைக்காக விழுந்தவை என்று நான் நம்பவில்லை. சீனப் போர் மூண்டபோது அண்ணா வேலூர்ச் சிறையில் இருந்ததுகூட விலைவாசி உயர்வுக்கு எதிரான போராட்டத்துக்காகத்தான்.

1963இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் பதினாறாவது திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றது. அதாவது, பிரிவினை கேட்பவர்களுக்குத் தேர்தல் வாசலை அடைத்தது. வாக்குச்சீட்டால் வளர்ந்திருந்த கட்சி வேறு எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்? இதற்கு நேர்மாறாக, தேர்தலில் நிற்காத பெரியாரின் திராவிடர் கழகத்துக்கு அப்படியொரு நெருக்கடி எழவேயில்லை; அவர் இறுதிவரை தனித் தமிழ்நாடு கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், அது யாரை எங்கே தொட்டது என்பதில்தான் வேறுபாடு. ஆகவே இதை வெறும் அச்சம் என்று சொல்லிவிட முடியாது.

கோரிக்கையைக் கைவிட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. அந்தக் காரணங்கள்தான் பிறகு மாநில சுயாட்சியாக உருமாறி, மத்திய–மாநில உறவுகளை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழுவாகவும் 1974இன் சட்டமன்றத் தீர்மானமாகவும் வெளிப்பட்டன. துரோகம் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், 1963ஐ விட்டுவிட்டு, 1996க்கும் 2013க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பார்க்கச் சொல்வேன். அவற்றின் பெரும்பகுதியில் தி.மு.க. மத்திய அமைச்சரவையில் அங்கம் வகித்தது. இலாகாக்களுக்காகக் காட்டிய பிடிவாதத்தில் ஒரு பங்கைக்கூட அக்குழுவின் பரிந்துரைகளுக்காக அது காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. அப்போது அதைத் தடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் குறுக்கே நிற்கவில்லை.