ஃப்ரொக் தைக்கிற ஆக்களின்ர கேள்விகள்

இந்த முறை வந்ததில பாதிக்கு மேல 1950கள் ஸ்டைல் ஃப்ரொக்தான், இடுப்பு இறுகி கீழ விரிஞ்சு நிக்குமே, அது. டிசம்பர் வருது, விளங்குது.

இன்டர்நெட்ல வாங்கின பட்டர்னை, துணி வெட்டுறதுக்கு வைக்கிற அந்தக் கடதாசி அளவுத் துண்டுகளை, ஏ4ல பிரிண்ட் எடுத்து ஒட்டினன், எல்லாத் துண்டும் சின்னன்.

பிரிண்ட் எடுக்கிற கொமியூனிகேஷன் கடையில, பக்கத்துக்குள்ள அடங்கச் சுருக்கிற 'ஃபிட் டு பேஜ்' போட்டு எடுத்திருப்பினம். 100 வீதம் எண்டு சொல்லி, அளவு சரியோ எண்டு பாக்கிற டெஸ்ட் சதுரம் இருக்கிற பக்கத்தை மட்டும் முதல் எடுத்து அடிமட்டத்தால அளவுங்கோ.

ஃபுல் சர்க்கிள் ஸ்கர்ட்டுக்கு எத்தனை மீட்டர் அன்ரி?

இடுப்பும் நீளமும் சொல்லாமக் கேட்டா நான் என்ன சாத்திரமா பாக்கிறது? சரி, இடுப்பு 28 இஞ்ச், நீளம் 26 இஞ்ச் எண்டு வைப்பம். 28ஐ 6.28ஆல பிரிச்சா நாலரை, அதுதான் நடு வட்டத்தின்ர ஆரை, அதோட 26உம் மடிப்புக்குக் கொஞ்சமும் சேர்த்தா 31. முழு வட்டத்தை ரெண்டு அரை வட்டமாத்தான் வெட்டுறது, 45 இஞ்ச் அகலத் துணியில அரை வட்டம் ஒண்டுக்கு 62 இஞ்ச் போகும், ரெண்டுக்கும் மூண்டேகால் மீட்டர். மேல்பக்கத்துக்கும் சேர்த்து அஞ்சு எடுங்கோ. நடு வட்டத்தை கொஞ்சம் சின்னனாவே வெட்டுங்கோ, பெருசா வெட்டினா திருப்பி ஒட்டேலாது. பருத்தி எண்டா கழுவிக் காயவிட்டுத்தான் கத்தரி.

கடையில 12 போடுறனான். பட்டர்னிலயும் 12 வெட்டித் தைச்சன், நெஞ்சுல பூட்டேலாது. பட்டர்ன் பிழையா?

பட்டர்ன்ல பிழை இல்லை தங்கச்சி. இதை எத்தனை தரம் சொல்லிட்டன்! கடை நம்பர் வேற, பட்டர்ன் நம்பர் வேற. பெரிய அமெரிக்கக் கம்பனிகள்ட பட்டர்ன்ல இப்ப 12 எண்டா மார்பு 34 இஞ்ச். அதே 12, 1950ஆம் ஆண்டளவில அச்சடிச்ச பழைய ஒரிஜினல் எண்டா 30தான். பட்டர்ன் உறையில இருக்கிற படத்தைப் பாத்து ஆசைப்படுற நேரத்துக்கு பின்பக்கம் திருப்பி அந்த அளவு அட்டவணையை ஒருக்கா பாத்தா என்ன?

போன வருஷம் ஒரு பிள்ளை கொழும்பு கெய்சர் வீதியில நல்ல பூப்போட்ட பொப்லின் அஞ்சு மீட்டர் வாங்கி, நம்பரை நம்பி வெட்டி, நாலு இஞ்ச் காணாம அழுதுகொண்டு வந்து நிண்டவ. மிச்சத் துண்டைப் பூ பொருந்திற மாதிரித் திருப்பித் திருப்பி வைச்சு, கையுக்குக் கீழ ரெண்டு பக்கமும் பட்டி வைச்சுக் குடுத்தன். கையைத் தூக்கினாத் தெரியும், அவ தூக்காம இருந்திருப்பா எண்டு நினைக்கிறன். உங்களுக்கும் இப்ப அதுதான் வழி.

அடுத்த தரம் மார்புக்கு மேல, கையிடுக்கால சுத்தி எடுக்கிற அளவையும் எடுங்கோ. அதுக்கும் நெஞ்சளவுக்கும் ரெண்டு இஞ்சுக்கு மேல வித்தியாசம் எண்டா, மேல் அளவை நெஞ்சளவா வைச்சு சைஸ் எடுத்து நெஞ்சை மட்டும் அகட்ட வேணும். முழுசா பெரிய சைஸ் வெட்டினா தோள் விழும். பழைய பெட்ஷீட்ல மேல்பக்கத்தை மட்டுமாவது வெட்டிப் போட்டுப் பாருங்கோ, பிறகு நல்ல துணியைத் தொடலாம். டேப்பையும் நம்பாதேங்கோ, என்ர பழைய டேப் இழுபட்டு அரை இஞ்ச் பொய் சொன்னது, அடிமட்டத்தோட வைச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிச்சன்.

அம்மாட கைத்தறிச் சேலையில தைக்கலாமா? கரை கீழ வரவேணும்.

தைக்கலாம், அஞ்சரை மீட்டர் தாராளம். ஆனா சர்க்கிள் வேண்டாம், கரை நேர்கோடு, வட்டத்துக்கு வளையாது. நேர்த் துண்டா வெட்டி இடுப்பில சுருக்கு வையுங்கோ. அம்மாட்டக் கேட்டனீங்களா?

ஸ்கர்ட் படத்தில மாதிரி நிக்குதில்லை.

உள்ள விறைப்பான வலைத்துணியில தைச்ச நெட் பாவாடை வேணும். பிரெஞ்சு டிசைனர் டியோர் இந்த வடிவத்தை 1947 பெப்ரவரியில பரிஸ் குளிருக்க காட்டினவர், நாங்க வெள்ளவத்தை வேர்வைக்க நிக்கிறம். நெட் தோல்ல படாம மெல்லிய பருத்தி லைனிங் போடுங்கோ, பொலியெஸ்டர் வேண்டவே வேண்டாம்.

அக்கா டைட்டா இருக்கு என்ன செய்ய?

எங்க? தோளா, இடுப்பா, கையா? என்ன துணி? அளவோட திருப்பி எழுதுங்கோ.

கீழ்மடிப்பு ஒரு பக்கம் இறங்கிப் போச்சு.

தைச்ச உடன மடிச்சிருப்பீங்க. ஒரு நாள் முழுக்கத் தூக்கிப் போட்டு, சரிவா வெட்டின இடம் இழுபட்டு முடிஞ்ச பிறகு, போட்டுக்கொண்டு நிண்டு நிலத்தில இருந்து அளந்து வெட்டுங்கோ.

குண்டூசி போட்ட இடத்தில மண்ணிறப் புள்ளி.

துருதான். கடல் பக்கத்து வீடெண்டா துணியில குண்டூசியை ராவைக்கு விடாதேங்கோ. எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டு வெயில்ல வையுங்கோ. கலர் துணி எண்டா முதல் ஒரு மூலையில பாருங்கோ.