ரீகாலுக்குப் பிறகு இழுவை குறைந்த டீசல் கார்

கேள்வி: ஐயா, என் டீசல் காருக்குப் புகை தொடர்பான ரீகால் என்று கடிதம் வந்தது. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது கியரில் மேடு ஏறிய வண்டி, இப்போது இரண்டாவதுக்கு இறக்கினால்தான் ஏறுகிறது. சிக்னலில் கிளம்பும்போது இழுக்காமல் திணறி, திடீரென்று பாய்கிறது. வண்டியை ஆஃப் செய்த பிறகும் சில நேரம் ஃபேன் ஓடுகிறது. போன வாரம் இன்ஜின் விளக்கு எரிந்து, வேகமே எடுக்கவில்லை. கேட்டால், "இனிமேல் இப்படித்தான் சார்" என்கிறார்கள். பழையபடி ட்யூன் செய்து தருவதாக வெளி மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ட்யூன் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் சாஃப்ட்வேர் மாற்றத்தின் விளைவும் இருக்கிறது, தனியாக ஒரு பழுதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து "இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

டீசல் எரியும்போது சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு கூடும். அதைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இ.ஜி.ஆர். வால்வு வழியாக மறுபடி இன்ஜினுக்குள் விடுகிறார்கள். சூடு தணியும், ஆனால் கரி கூடும். 2015-இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது இந்த விஷயத்தில்தான். புகைச் சோதனை நடக்கிறது என்று சாஃப்ட்வேர் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுதாக இயக்கியது. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது.

இப்படிப்பட்ட ரீகாலில் புது சாஃப்ட்வேர், சாலையிலும் அந்த வால்வை அதிகம் வேலை வாங்கும். 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இழுவை கொஞ்சம் மந்தமாவதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் விளக்கு எரிந்து வண்டி வேகமெடுக்க மறுப்பது கண்டிப்பாகப் பழுதுதான். எனக்கு முதல் சந்தேகம் இ.ஜி.ஆர். வால்வு மேல். ஓடிய வண்டியில் அதைக் கழற்றினால், தார் பூசியதுபோல் பிசுபிசுவென்று கரி அப்பியிருக்கும். ஏற்கெனவே கரி சேர்ந்த வால்வுக்கு வேலையும் கூடினால், பாதி திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரத்தில் காற்றுக்குப் பதில் புகை உள்ளே போகும். நீங்கள் சொல்லும் திணறல் அதற்குப் பொருந்துகிறது.

ஃபேன் ஓடுவது வேறு கதை. உங்கள் காரில் டி.பி.எஃப்., அதாவது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, இருந்தால், அது சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வண்டியை அணைத்திருப்பீர்கள். கரி கூடினால் இது அடிக்கடி நடக்கும். அடுத்த முறை உடனே அணைக்காமல், நெரிசல் இல்லாத சாலையில் 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஒரு 20 நிமிடம் சீராக ஓட்டுங்கள். அப்புறம் இன்ஜின் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்து டீசல் வாசனையும் அடித்தால், பாதியில் நின்றுபோன எரிப்புகளால் டீசல், இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கிறது. உடனே ஆயில் மாற்ற வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் புகாரை எழுதச் சொல்லுங்கள். ஃபால்ட் கோடு (காரின் கணினி பதிவு செய்த பழுது எண்), பழைய சாஃப்ட்வேர் எண், புது எண், எல்லாவற்றுக்கும் பிரின்ட் அவுட் வாங்குங்கள். காரின் கணினி கேட்கும் அளவுக்கு இ.ஜி.ஆர். வால்வு திறந்து மூடுகிறதா என்று, ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். செலவைக் கம்பெனி ஏற்குமா என்றும் எழுதிக் கேளுங்கள். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகன், மாற்றம் செய்த வண்டிகளில் சில பாகங்கள் பற்றிய புகார்களை 24 மாதம் வரை கவனிப்பதாக ஒப்புக்கொண்டது.

ட்யூன் செய்தால் இழுவை கிடைக்கலாம், ஆனால் சிக்கிய வால்வு சிக்கியபடியே இருக்கும். வாரண்டி கேட்கும் உரிமையும் போகலாம். எல்லாவற்றையும்விட, அந்த நைட்ரஜன் ஆக்சைடை உங்கள் பின்னால் பைக்கில் வருபவர்தான் மூச்சில் இழுக்க வேண்டும். அது எனக்கு ஒப்பவில்லை.

வால்வைச் சரிசெய்த பிறகும் மேட்டில் இரண்டாவது கியர் தேவைப்பட்டால், அந்த பிரின்ட் அவுட்களோடு மறுபடி எழுதுங்கள்.